கரண்டு ஆபீசுக்குப் போன முன்னறை அக்கா

"பரவாயில்லை" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முன்னறை அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும். "எவனுக்குப் பரவாயில்ல?" என்பார். சொன்னவர் பதில் சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் மாட்டார். நல்ல மனதோடு சொன்னவர்கள்கூட ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று விழிப்பார்கள்.

அவருக்குப் பெயர் உண்டு. நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேக்காம எப்படி எழுதுன?" என்று எங்கிருந்தாவது வந்து நிற்பார்.

மலாய் நாட்டில், காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு குடித்தனம் இருந்தோம். தெருவைப் பார்த்த முன்னறையில் அவர். பின்னறையில் நான், என் வீட்டுக்காரர், நடை பழகிக்கொண்டிருந்த எங்கள் பாப்பா. நடுவே ஒரு பலகைத் தடுப்பு. கீழே வீட்டு முதலாளியின் கடை. வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய கிட்டங்கி. ஜப்பான்காரன் வந்த பிறகு அதில் அரிசி மூட்டைகளை அடுக்கிப் பூட்டுப் போட்டிருந்தான்.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போது எல்லாரும் வீரர்களாகிவிடுகிறார்கள். ஆளுக்கொரு சாகசம் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை நாங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நடந்தவர்கள்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நடுத்தெருவில், நடுச்சடக்கில் நடந்த ஒரே ஓர் ஆளை எனக்குத் தெரியும். அந்த ஆளோடு ஒரே மாடியில் குடியிருப்பது ஒன்றும் சுகமான காரியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டவுனில் ஒரு படக்கொட்டகையில், பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பது அவர் வேலை. கணவர் உடன் இல்லை. இறந்துபோனாரா, விட்டுப்போனாரா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. கொட்டகை முதலாளியின் சம்சாரமே ஒருமுறை டிக்கெட் இல்லாமல் உள்ளே நுழையப் பார்த்தாராம். "மொதலாளி வீட்டம்மான்னா வீட்டுல. இங்க டிக்கெட்டு எடுத்துட்டு வாங்க" என்று வாசல் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டாராம் அக்கா. இதை எனக்குச் சொன்னதே அந்த அம்மாள்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வாசலில் ஓசியில் ஒருவரும் நுழையவில்லையாம்.

பங்கீட்டு அரிசி வாங்கப் போனால் என் பாடு திண்டாட்டம். சுண்ணாம்பு வாடை அடிக்கிற அரிசி, அதில் புழு வேறு. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு துணிப்பையை விரிப்போம். அக்கா மட்டும் ஒரு பிடி அள்ளிக் கடைக்காரரின் கைக்கு நேரே நீட்டுவார்.

"இத நீங்க ஒரு வாய் மெல்லுங்க. மென்னுட்டீங்கன்னா நான் பேசாம வாங்கிட்டுப் போறேன்."

"இது ஜப்பான்காரன் குடுக்கறதும்மா. நான் என்ன செய்ய?"

"அவனா நிறுக்குறான்? நீங்கதானே நிறுக்குறீங்க. அந்த ஓரத்து மூட்டையத் தொறங்க."

பின்னால் நிற்பவர்கள், "பரவாயில்லக்கா, வாங்கிக்குங்க, நேரமாவுது" என்பார்கள். அவ்வளவுதான், அக்கா திரும்பி அவர்களைப் பிடித்துக்கொள்வார். கடைசியில் ஓரத்து மூட்டை திறக்கும். அதில் புழு கொஞ்சம் குறைவாக இருக்கும். திட்டிக்கொண்டிருந்தவர்களும் அதிலிருந்துதான் வாங்கிப்போவார்கள். நானும்தான்.

பாலத்து முனையில் ஒரு காவல்காரச் சிப்பாய் நிற்பான். கடக்கிறவர்கள் இடுப்புவரை குனிய வேண்டும். குனியாவிட்டால் கன்னம் பழுத்துவிடும். அக்கா அந்தப் பாலத்தையே விட்டுவிட்டார். ஆற்றோரமாக மேலே ஏறி, வேறு பாலம் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். வெயிலில் கருத்து வந்து நிற்பார். "ஒரு நிமிசம் குனிஞ்சா என்னக்கா?" என்று கேட்டேன். "முதுகு வலி" என்றார். அவருக்கு முதுகு வலியெல்லாம் கிடையாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவர்.

அந்த வருஷம் வீட்டு முதலாளி கீழே ஒரு மோட்டார் போட்டார். அரிசி கிடைக்காத காலம், ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. கிழங்கைத் துருவி மாவாக்கி விற்றால் நல்ல ஓட்டம். மோட்டாருக்குத் தனி இணைப்பு கேட்டால் ஜப்பான்காரன் தரமாட்டான் என்று, எங்கள் மாடி விளக்குக்கு வரும் வயரிலிருந்தே ஒரு கிளை இழுத்துக் கீழே இறக்கிவிட்டார். அது எங்களுக்கு அப்போது தெரியாது. மோட்டார் ஓடத் தொடங்கினால் எங்கள் பல்பு மின்மினி மாதிரி சுருங்கிப்போகும் என்பது மட்டும் தெரியும். பின்னறைச் சுவரில் ஓடிய வயர் கை வைக்க முடியாமல் சுடும். ரப்பர் தீய்கிற வாடை வரும். எல்லாம் பலகை வீடு, பலகைத் தடுப்பு, பலகைத் தரை.

ஒரு நாள் பாப்பா குளித்த ஈரத்தோடு தளர்நடையாகப் போய், சுவரில் அந்த வயரைப் பிடித்துவிட்டாள். ஒரு சத்தம். பிள்ளை மல்லாந்து கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. முன்னறையிலிருந்து அக்காதான் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி, முதுகில் தட்டி, மூச்சு வரவைத்தார். அது வீறிட்டு அழுத சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு வீட்டு முதலாளி மேலே வந்தார். பாப்பாவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு, "பரவாயில்லம்மா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே. சின்னப் புள்ளைய சுவத்துப் பக்கம் விடாதீங்க" என்றார்.

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

"மொதலாளி, அந்த வயரை மாத்துங்க" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இந்தக் காலத்துல வயருக்கு எங்கம்மா போறது?"

"அப்ப கரண்டு ஆபீசுல இருந்து ஆளக் கூட்டியாந்து காட்டுறேன்."

முதலாளி சிரித்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வார்? ஜப்பான்காரன் காலத்தில் அதிகாரி வீட்டுக்கு வரக்கூடாது என்று நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. வாங்க, வந்து பாருங்க என்று அழைக்கப் போனவர் அக்கா ஒருவர்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், என் வீட்டுக்காரர். அவர் வேலை பார்த்த ரப்பர் கிட்டங்கியை மூடிவிட்டிருந்தார்கள். வேலையில்லாத ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன சமயம் அது. கையில் வேலைப் பட்டை கட்டாதவன் சடக்கில் நடந்தால் பக்கத்தில் லாரி வந்து நிற்கும். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அதனால் அவர் பின்னறையை விட்டு இறங்குவதே இல்லை. யார் கேட்டாலும், ஜாசின் பக்கம் கிழங்குத் தோட்டத்தில் இருக்கிறார் என்போம். அதிகாரி வந்து அறை அறையாகப் பார்த்தால்?

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வேணாங்க்கா. இவரு உள்ள இருக்காரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போறீங்க?"

"உன் புருசன் உசுரோட இருக்கணும்னு உன் புள்ளைய அந்தச் சுவத்துக்குக் குடுக்கப் போறியா? ரெண்டு பேரும் இருக்கணும். அதுக்குத்தான் போறேன்."

எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன். இவர் யார் என் குடும்பத்துக்கு முடிவு செய்ய? ஒரு நல்ல மனிதர்மீது அவ்வளவு வெறுப்பு வரமுடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கரண்டு ஆபீசுக்கு வாசலே பாலத்துக் காவலை ஒட்டித்தான். எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனாலும் அந்தச் சிப்பாயின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். அக்கா போனார். திரும்பிவந்தவரிடம், கோபத்தையும் மறந்து, "குனிஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

"செருப்பு வாரு அவுந்துபோச்சு. சரி பண்ணேன்" என்றார்.

ஆபீசில் கணக்கெழுதும் நம் ஆள், தமிழ்க் கிராணி, "வீட்டுக்குப் போங்கம்மா, வம்பை வெலைக்கு வாங்காதீங்க" என்று அனுப்பிவிட்டாராம். மறுநாளும் செருப்பு வார் அவிழ்ந்தது. அதற்கு மறுநாளும். கிராணி உள்ளே விடாததால், ஜப்பான் அதிகாரி மோட்டார் வண்டியில் ஏறுகிற இடத்தில் போய் நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் வயர் எரிகிறது, குழந்தையை அடித்துவிட்டது என்று சொன்னபோது அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். "பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க அரிசிக் கிட்டங்கி" என்றதும் வண்டிக்குள் வைத்த காலை வெளியே எடுத்தாராம்.

"நம்ம உசுருக்கு வரமாட்டான். அவன் அரிசிக்கு வருவான்" என்று என்னிடம் சொன்னார் அக்கா. "நாளைக்குக் காலையில வர்றான்."

அன்று முழுக்க நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அதிகாலையில் மாரியம்மன் கோயில் பக்கம் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து எங்கள் அறை நிலையில் செருகிவைத்தேன். வேப்பிலையைக் கண்டால் அம்மை போட்டிருக்கிறது என்று எந்த ஆள்தான் உள்ளே நுழைவான்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்துக்கொண்டார்.

அக்கா தலை வாரிக்கொண்டே வந்து பார்த்தார். சீப்பு அப்படியே தலையில் நின்றுவிட்டது.

"இது எதுக்கு?"

சொன்னேன்.

"சுடுற வயரு எந்த அறையில இருக்கு? உன் அறையில. அந்த அறைக்குள்ள வராதேன்னு இலையைச் சொருகிட்டு, என்னத்தைப் பாக்க வரச் சொல்ற? அது கெடக்கட்டும். அம்மைன்னா ஜப்பான்காரன் கும்பிட்டுட்டுத் திரும்பிப் போவான்னு நெனைச்சியா? அவன் என்ன நம்ம ஊருக்காரனா? அம்மைன்னு தெரிஞ்சா இந்த வீட்டுல இருக்கிற அத்தனை பேரையும் அள்ளிட்டுப் போயிக் கொட்டாயில அடைப்பான். போர்வையத் தூக்கித்தான் மொதல்ல பாப்பான்."

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. வேப்பிலையைப் பார்த்தால் ஒதுங்குவது உலக வழக்கம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அக்கா இலையை மெதுவாக எடுத்து என் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அதற்குள் கீழே பூட்ஸ் சத்தம். பின்வாசல் வழியாக இறங்கலாம் என்றால் அங்கே கிட்டங்கியின் காவல் சிப்பாய்.

வீட்டு முதலாளி வழிகாட்ட, அதிகாரி மேலே வந்து முதலில் முன்னறைக்குள் போனார். படி வளைவில் ஏதோ இடிக்கிற சத்தம். வயர்மேன் ஏணியோடு மாட்டிக்கொண்டு நின்றார். அவர் தலைமுறை தலைமுறையாக மலாய் மண்ணிலேயே கலந்துபோன எங்கள் காஜா பேராங் செட்டி ஆள். நெற்றி நிறையத் திருநீறு, பெயர் கேட்டால் சாமி பெயர், பேச்சு மட்டும் முழுக்க மலாய். கோயிலில் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். அன்று துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக வந்திருந்தார்.

அக்கா என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினார். "தம்பி, ஏணி மாட்டிக்கிச்சு. போய்ப் புடி."

"அக்கா..."

"ஒளிஞ்சு கெடக்குறவனைத்தான் தேடுவானுங்க. ஏணி புடிச்சுட்டு நிக்கிறவன எவன் பாக்குறான்? போ."

பழைய காக்கி அரைக்கால் சட்டை, கிழிந்த பனியன். அவர் போய் ஏணியின் கீழ்முனையைத் தூக்கினார். வயர்மேன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடுப்பில் இருந்த பாப்பாவைப் பார்த்தார். பிறகு சத்தமாக, அதிகாரிக்குக் கேட்கும்படி, "பெகாங் குவாட்-குவாட்!" என்று அதட்டினார். நன்றாகப் பிடி என்று அர்த்தம்.

அப்படித்தான் என் கணவர் ஒரு ஜப்பான் அதிகாரியின் கைக்கெட்டும் தூரத்தில், எங்கள் சொந்த அறையில், வேற்றாள் போல நின்றார். வீட்டு முதலாளி அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பாப்பா "ப்பா" என்று கையை நீட்டினாள். அக்கா அவளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, "பாப்பாவாம் பாப்பா, உனக்குத் தூக்கமா?" என்று தோளில் போட்டுத் தட்டினார். அந்தக் குரலில் துளி நடுக்கமில்லை.

வயர்மேன் ஏணியில் ஏறி, சுவர் உச்சியில் இருந்த வயர்ப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ரப்பர் உருகிக் கருகி ஒட்டியிருந்தது. அங்கிருந்து தடியாக ஒரு வயர் தரையைத் துளைத்துக் கீழே போவதை அதிகாரிக்குக் காட்டினார். கீழே மோட்டாரை நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் பல்பு பளிச்சென்று எரிந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அதிகாரி திரும்பி முதலாளியின் கன்னத்தில் அறைந்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை. அக்காவுக்கும்தான். "அடிக்கச் சொல்லி யாரு கேட்டா? வயரை மாத்தச் சொல்லித்தான கேட்டேன்" என்று தமிழில் முணுமுணுத்தார். அதிகாரி என்ன என்பதுபோல் பார்த்தார். வயரை மாற்றித்தரும்படி முதலாளியிடம் சொல்லுங்கள் என்று மலாயில் கேட்டார் அக்கா. அதிகாரி முதலாளியைப் பார்த்து விரலை நீட்டி அதையே உத்தரவாகச் சொன்னார். மோட்டாருக்குப் போன வயரை அங்கேயே துண்டித்தார்கள்.

பிறகுதான் நாங்கள் நினைக்காத ஒன்று நடந்தது. வேலை முடிந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டுதானே போக வேண்டும்? வயர்மேன் முன்முனையைத் தூக்கினார், என் வீட்டுக்காரர் பின்முனையை. அதிகாரிக்குப் பின்னால் இருவரும் படி இறங்கினார்கள். முன்னறைச் சன்னலுக்கு ஓடினேன். மாதக்கணக்கில் வெயிலைப் பார்க்காத என் கணவர், நடுச்சடக்கில், ஜப்பான்காரனுக்குப் பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"கொன்னுட்டீங்களேக்கா" என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. அக்கா அன்று கொட்டகை வேலைக்கும் போகவில்லை. மாடிப்படியின் மேல்தட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, கீழே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. எனக்குத் தோன்றியது: இவருக்கும் தெரியாது, இவரும் பயந்துதான் உட்கார்ந்திருக்கிறார்.

பொழுது சாயும் நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்தார். உள்ளங்கையெல்லாம் கரி. வலது கையில் கரண்டு ஆபீசின் வேலைப் பட்டை. துணைக்கு ஆள் வேண்டும் என்று வயர்மேன் அதிகாரியிடம் சொல்லி அங்கேயே கட்டிவிட்டாராம். "ஏசோக் பாகி டத்தாங் லாகி" என்றாராம், நாளைக் காலையும் வா என்று. இரண்டு பேரும் நாள் முழுக்க வேறு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். நான் அக்காவின் காலைப் பிடிக்கப் போனேன். "எந்திரி, புள்ள பசிக்கு அழுவுது" என்று விலகிப் போய்விட்டார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் வீட்டு முதலாளி மேலே ஏறி வந்தார். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"ரெண்டு குடித்தனமும் காலி பண்ணிடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இல்லாட்டி, நேத்து ஏணி புடிச்சது யாருன்னு நான் போயிச் சொல்ல வேண்டி வரும்."

அக்கா முன்னறை வாசலுக்கு வந்து, கதவில் சாய்ந்து நின்றார்.

"சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க. ஆனா மொதலாளி, அவன் கேக்கப்போற மொதக் கேள்வி என்னன்னு யோசிச்சீங்களா? ஆளு உன் பக்கத்துல நின்னப்ப ஏன் நேத்தே சொல்லலன்னு கேப்பான். இத்தன மாசமா உன் வீட்டு மாடியில இருந்தப்ப ஏன் சொல்லலன்னு கேப்பான். நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?"

முதலாளியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"நீங்களும் எங்களோடதான் ஏணியப் புடிச்சுட்டு நின்னீங்க" என்றார் அக்கா. "வீட்டையும் காலி பண்ண மாட்டோம். போய்ட்டு வாங்க."

அவர் திரும்பி இறங்கினார். நான் மூச்சு விட்டேன். எல்லாம் முடிந்தது, இனி உயிரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் கிடக்கலாம் என்று நான் நினைத்த அதே நேரத்தில், அக்கா படித்தலைக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து கூப்பிட்டார்.

"மொதலாளி! புது வயரு எப்ப வருது?"

கடைசிப் படியில் அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. "நாளைக்கு" என்றார்.

"காலையிலயா, மத்தியானமா?" என்று கேட்டார் அக்கா.